நான் எழுதாமல் விட்ட கணக்கு

இலங்கையின் மலையகத்தைப் பற்றி நான் எழுதியவற்றில் பெரும்பகுதியை மலையகத்துத் தொழிலாளி ஒருவர் படித்து விளங்கிக்கொள்ள முடியாது. பல காலம் இதை அவர்களுடைய குறையாகவே சொல்லி வந்தேன். கல்வி பிந்தி வந்த சமூகம், வாசிப்புப் பழக்கம் குறைவு, புத்தகம் வாங்கக் காசில்லை என்று காரணங்கள் வைத்திருந்தேன். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையை நான் எனக்குக் கவசமாக்கிக்கொண்டேன். குறை என்னுடையது. அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா கவ்வாத்து வெட்டினார். அட்டனில் படித்து, பேராதனைக்குப் போய், ஆசிரியராகத் திரும்பி வந்தேன். காம்பராவில் பேசிய தமிழில் பிரட்டுக்களமும் அரைப்பேரும் கைக்காசும் கொந்தரப்பும் இருந்தன. பல்கலைக்கழகத்தில் கற்ற தமிழில் மேலாதிக்கமும் சொல்லாடலும் உபரி உறிஞ்சலும் இருந்தன. எழுத உட்கார்ந்தால் இரண்டாவது தமிழ்தான் வரும். முதல் தமிழில் எழுதினால் ஆய்வாளனாக மதிக்க மாட்டார்கள் என்ற பயம் தொடக்கத்திலேயே இருந்தது. பாராட்டுக் கடிதங்கள் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தன. மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ வரவில்லை. அது என்னை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

2016ஆம் ஆண்டு ஒக்டோபரில் தோட்டத் தொழிலாளர் சம்பளத்துக்கான கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. முந்திய ஒப்பந்தம் 2015 மார்ச் மாதத்தோடு முடிந்துவிட்டது. இடையில் போன ஒன்றரை வருடத்துக்கு நிலுவைச் சம்பளம் கிடையாது என்றாயிற்று. அதை எதிர்த்து ஒரு சஞ்சிகையில் நீண்ட கட்டுரை எழுதினேன். நவதாராளவாதம் பற்றி, 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குப் போனதன் உலகப் பொருளாதாரப் பின்னணி பற்றி, தொழிற்சங்கங்கள் ஆளும் வர்க்கத்தோடு உடன்படுவதைக் கோட்பாட்டு ரீதியில் எப்படிப் புரிந்துகொள்வது என்பது பற்றியெல்லாம் அதில் இருந்தது. நான் எழுதிய எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் என்ன சொன்னது என்பது கட்டுரையில் இல்லை.

இங்கே அதை எழுதிவிடுகிறேன். நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். விலைப்பங்குக் கொடுப்பனவு 30. வருகைக் கொடுப்பனவு 60. உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140. எல்லாம் சேர்த்து 730. செய்திகளில் வந்த எண் இந்த 730தான். 2013ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அடிப்படை 450, விலைப்பங்கு 30, வருகைக்கு 140, ஆக 620. 110 ரூபாய் கூடிவிட்டது என்று சொன்னார்கள். உண்மையில் அடிப்படையில் ஏறியது 50 ரூபாய். முன்பு ஒழுங்காக வேலைக்கு வந்தால் கிடைத்த 140, இப்போது நிர்ணயித்த கிலோவை எடுத்தால் மட்டும் கிடைக்கும் 140 ஆகிவிட்டது. வருகைக்கு 60 மட்டும் மிஞ்சியது. அந்த 60உம் தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு 75 நாட்கள் வந்தவருக்குத்தான். மழையில் கொழுந்து குறைந்த மாதத்தில், காய்ச்சலில் சில நாட்கள் படுத்துவிட்ட பெண்ணுக்கு 730 என்பது 530 ஆகிவிடும். சேமலாப நிதியும் அடிப்படையை வைத்துத்தான் போகும் என்பதால், கொடுப்பனவு என்ற பெயரில் எவ்வளவு ஏறினாலும் முதுமைக்கு மிஞ்சுவது அந்த அளவுக்கு ஏறாது.

இவ்வளவுதான். இதில் கடினமான சொல் ஒன்றும் இல்லை. நவதாராளவாதம் பற்றி நான் எழுதிய அத்தனையும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. உழைப்பாளியின் நிலையான கூலியை அசையும் கூலியாக மாற்றி, மழையின் நட்டத்தையும் நோயின் நட்டத்தையும் அவள் தலையிலேயே கட்டுவதுதான் அந்தக் கோட்பாட்டின் சாரம். அதை நான் அறிந்திருந்தேன். கட்டுரை எழுதும்போது ஒப்பந்தத்தின் பிரதி மேசைமேல் இருந்தது. இருந்தும் இந்த எண்களை எழுதவில்லை.

என் மூத்த அக்கா அப்போது இன்னும் மலையில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்தக் கட்டுரையை அவருடைய மகன் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். அடுத்த முறை நான் போனபோது அவர் என்னைக் குறை சொல்லவில்லை. தகரப் பெட்டியிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்து வந்து இஸ்தோப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போன மாசம் இருவத்தினாலு நாள் வேல குடுத்தாங்க தம்பி. எனக்குப் பதினேழு பேர்தான். காச்ச. பதினெட்டு வந்திருந்தா அறுவது ரூவா எல்லா நாளுக்கும் வந்திருக்கும். ஒரு பேர் கொறஞ்சதால ஒரு நாளுக்கும் இல்ல. இதுதான் ஒப்பந்தம்னு கணக்கப்புள்ள சொல்றாரு. சங்கத்துல கேட்டா மேல பேசிக்கிட்டிருக்கோம்னு சொல்றாங்க. நீ எழுதுனதுல இது எந்த எடத்துல வருது?"

எந்த இடத்திலும் வரவில்லை. ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலை, குறைந்ததால் 17 நாட்களுக்கான 60 ரூபாயும், ஆக 1020 ரூபாய், அவருக்குப் போயிருந்தது. ஒப்பந்தத்தைப் படிக்காமலே அதன் நெஞ்சை அவர் பிடித்துவிட்டார். அதைப் படித்துவிட்டு நான் வேறெங்கோ போயிருந்தேன். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். "அக்கா, அது பெரிய விசயம், ஒங்களுக்குச் சொன்னா விளங்காது" என்றேன். தன் சம்பளச் சீட்டைக் கையில் வைத்திருந்த பெண்ணிடம் சொன்னேன். அவர் எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போனார். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுத்ததில்லை.

ஏன் அந்த எண்களை எழுதவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த விடை பயம். என்னை யாரும் மிரட்டவில்லை. ஒரு தொலைபேசி அழைப்புக்கூட வரவில்லை. நானாகவே பயந்தேன். இடமாற்றம், பதவி உயர்வு, உறவினர் ஒருவருக்குச் சங்கத்தில் இருந்த வேலை, கூட்டங்களில் எனக்குப் போடப்படும் முன்வரிசை நாற்காலி, இவைதான் என் பயத்தின் பொருட்கள். 'தொழிற்சங்க உயர்குழாமின் மேலாதிக்கத்துக்கான ஒப்புதல் உருவாக்கம்' என்று எழுதினால் எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தன்னைத்தான் சொல்கிறான் என்று எவருக்கும் தோன்றாது. 'இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் முதலாளிமார் சம்மேளனத்தோடு கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் உங்கள் 140 ரூபாய் வருகையிலிருந்து கிலோவுக்கு மாறியது' என்று எழுதினால் அடுத்த நாளே பதில் வரும். அந்தப் பதிலில் நியாயமும் இருக்கலாம். கம்பனிகள் அசையவில்லை, தேயிலை விலை இறங்கியிருந்தது, இதுவும் கிடைக்காமல் போயிருக்கும் என்று அவர்கள் சொல்லக்கூடும். அந்த விவாதம் தொழிலாளர் முன்னால் நடந்திருக்க வேண்டும். என் கடினமான தமிழ் அது நடக்காமல் பார்த்துக்கொண்டது.

கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்க்காமல் எந்தப் பெண்ணும் கூடையை நகர்த்துவதில்லை. சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், தண்ணீருக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று நின்று பார்ப்பார்கள். என் எழுத்தை நான் அவர்கள் கண்ணுக்கு எட்டாத தராசில் நிறுத்தேன்.

கடினமாக எழுதுவது எல்லாமே கோழைத்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. இத்தாலியில் அந்தோனியோ கிராம்சி முசோலினியின் சிறையில் இருந்து எழுதியபோது, மார்க்சியம் என்ற பெயரைத் தவிர்த்து 'நடைமுறையின் தத்துவம்' என்று எழுதினார். தணிக்கையாளரின் கண் அவருடைய பக்கங்களின்மேல் இருந்தது. நம் ஊரிலும் 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த பிறகு, 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு, மலையகத்துத் தமிழ் இளைஞன் அட்டனிலிருந்து கொழும்புக்குப் பஸ் ஏறுவதே அபாயமாக இருந்த காலம் உண்டு. அப்போது மறைத்து எழுதியவர்கள் தங்கள் உயிரையும் தோழர்களின் உயிரையும் காப்பாற்றினார்கள். அந்த நடையை நானும் அப்போதுதான் கற்றேன். ஆபத்து விலகிய பிறகும் அந்த நடையை விடவில்லை என்பதுதான் என் குற்றம். 2016இல் எனக்கு எதிரில் சிறை இல்லை.

எனக்கு முன்னால் இதே மண்ணில் தொழிலாளிக்கு விளங்கும்படி எழுதிக் காட்டியவர்கள் இல்லாமலில்லை. கோ. நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர், படித்த பிராமணர், பத்திரிகையாளர். தோட்டங்களுக்குள் வெளியார் கால் வைக்க முடியாத காலத்தில், ஜவுளி வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் போய் நிலைமையைக் கண்டார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' பத்திரிகைகளை நடத்தினார். 1925இல் சட்டநிரூபண சபைக்குப் போனார். 1931இல் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் தொடங்கினார். 1936 முதல் அரசாங்க சபையில் அட்டனின் பிரதிநிதியாக இருந்தார். சபையில் துரைமாரின் சங்கத்தோடு ஆங்கிலத்தில் சட்ட விவகாரம் பேசியவர், அதே சட்டத்தைத் தொழிலாளிக்குத் தமிழில் புத்தகமாக எழுதிக் கொடுத்தார். நாடகமும் எழுதினார். எந்தச் சட்டம், அதன்படி எதற்கு நீ உரித்துடையவன், கங்காணி எதைச் செய்யக்கூடாது என்று சொன்னார். பெயர் சொல்லிச் சொன்னார், வழக்குகளையும் சந்தித்தார்.

அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை இன்னும் ஒரு படி போனார். எழுத்தறிவு மிகக் குறைவாக இருந்த மக்களிடம் பாட்டாகப் போனார். அவர்கள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த மெட்டுகளை எடுத்து அரசியலை அதில் வைத்தார். கூட்டங்களில் தாமே பாடினார். இந்தியத் தொழிலாளருக்கு எதிராக இலங்கை அரசியலில் எழுந்த அலையைப் பற்றிய அவருடைய பாடல் தொகுப்பு 1940இல் வந்தது. இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்பது அதன் தலைப்பு. ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு வைக்கும் தலைப்பு போன்றது. உள்ளே பாட்டு. அந்த அம்மையாரைப் பற்றி நான் கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். மலையகத்தின் பெண் அரசியல் முன்னோடி என்று புகழ்ந்திருக்கிறேன். அவர் செய்ததை நானும் செய்ய வேண்டும் என்று ஒருமுறையும் நினைத்ததில்லை.

மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையை என் பக்கத்துச் சாட்சியாகப் பல தடவை அழைத்திருக்கிறேன். தோட்டத் தொழிலாளியின் துயரை அவர் ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாக எழுதினாரே, அதைத் தொழிலாளி படித்தாரா என்று கேட்பேன். அந்த நூல் 1952இல் வந்தது. சக்தீ அ. பால-ஐயாவின் தமிழாக்கம் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று 1969இல் வந்தது. ஆனால் 1952இல் சி.வி. ஆங்கிலத்தில் எழுதியதற்குத் தேவை இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த வாக்குரிமைத் திருத்தமும் அவருடைய மக்களை வெளியே தள்ளிவிட்டிருந்தன. அதைச் செய்தவர்கள் ஆங்கிலம் படிப்பவர்கள். அதே சி.வி. லயம் லயமாகக் கேட்டு மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தார். கங்காணியையும் துரையையும் அந்த மக்கள் தாங்களே எப்படி விமரிசித்தார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேட்டவர் அவர். ஆட்சியாளரிடம் ஒரு மொழியிலும் மக்களிடம் இன்னொரு மொழியிலும் அவர் நடந்தார். நான் ஆட்சியாளரிடமும் போகவில்லை, மக்களிடமும் போகவில்லை. என்னைப் போன்றவர்களிடம் மட்டும் போனேன்.

இது என் முதல் குற்றம். இரண்டாவது குற்றம் இதற்கு நேர் எதிரானது போலத் தோன்றும்.

அக்காவின் கேள்விக்குப் பிறகு எனக்குள் ஒரு குற்ற உணர்வு இருந்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை மலையெங்கும் பரவியபோது, இனி எளிமையாக எழுதுவோம் என்று தீர்மானித்தேன். 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையோடு காலிமுகத்திடலில் திரண்டார்கள். தலைவர்கள் அழைத்து வந்த கூட்டம் இல்லை அது. தோட்டத்துப் பிள்ளைகள், கொழும்பில் கடைகளிலும் கம்பனிகளிலும் வேலை செய்பவர்கள், தாங்களாகவே வந்தார்கள். அந்த எழுச்சியில் நானும் துண்டுப் பிரசுரம் எழுதிக் கொடுத்தேன். எதுகை மோனையோடு எழுதினேன். இருநூறு ஆண்டு உழைப்பு, இரத்தம், வியர்வை, ஆயிரம் ரூபாய் கொடு. ஒரு பக்கம்தான். எல்லோரும் வாசித்தார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு கோவில் முற்றத்தில் நடந்த கூட்டத்தில் ஒரு இளம்பெண் எழுந்து கேட்டார். "சேர், ஆயிரம்னு போட்டிருக்கீங்க. அது அடிப்படையா, மொத்தமா?" போராடியவர்களின் கோரிக்கை அடிப்படைச் சம்பளம் ஆயிரம் என்பதுதான். என் துண்டுப் பிரசுரத்தில் 'அடிப்படை' என்ற சொல் இல்லை. சந்தத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் எடுத்துவிட்டேன். விளங்காத சொல் என்றும் நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கு நேரான பதில் சொல்லாமல் குரலை உயர்த்தி ஒரு கோஷம் சொன்னேன். கூட்டம் கைதட்டியது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

2019 ஜனவரியில் வந்த ஒப்பந்தம் அடிப்படை 700, விலைப்பங்கு 50 என்றது. பிறகு 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் ஆயிரம் வந்தது: சம்பளம் 900, வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவு 100. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. ஒப்பந்தம் போனதோடு அதில் எழுதியிருந்த வேலை நிபந்தனைகளுக்கான பிடியும் போயிற்று. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு எடுக்கவேண்டிய கிலோ கூடியது. குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். ஆயிரம் என்று கேட்டோம், ஆயிரம் என்று தந்துவிட்டார்கள். எத்தனை கிலோவுக்கு ஆயிரம், மாதத்தில் எத்தனை நாளுக்கு ஆயிரம் என்று என் துண்டுப் பிரசுரம் கேட்கவே இல்லை. ஒரு காகிதம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்ட பெண் அங்கே இருந்தார். நான்தான் அவரை உட்காரவைத்தேன்.

கடினமாக எழுதியபோதும் எளிமையாக எழுதியபோதும் நான் செய்தது ஒன்றே. என் சொல்லை அவர்கள் எடுத்துச் சரிபார்க்கவும், தவறென்றால் திருப்பி என் முகத்தில் வீசவும் வழி வைக்கவில்லை. முதலில் சொற்களால் மறைத்தேன். பிறகு வெட்டி எறிந்து மறைத்தேன். இரண்டாவது இன்னும் மோசம். அது அன்பின் பெயரால் செய்யப்பட்டது. அவர்களால் நான்கு வரிக் கணக்கைத் தாங்க முடியாது என்ற எண்ணம் அதற்கு அடியில் இருந்தது.

அந்த எண்ணம் எவ்வளவு பொய் என்பதற்கு நம் வீட்டு முதியவர்களே சாட்சி. 1948ஆம் ஆண்டுச் சட்டம், இங்கே பிறந்தவருக்கும் தகப்பன் இங்கே பிறந்ததற்கு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு, அத்தாட்சி கேட்டது. வழக்கறிஞருக்கே தலை சுற்றும் அந்த விதியைப் பள்ளிக்கூடம் போகாத கிழவர்கள் பிசகில்லாமல் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1964 ஒக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டது. ஏழு பேர் போனால் நான்கு பேருக்கு இங்கே குடியுரிமை என்ற விகிதம் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எந்தத் தம்பி போகிறான், எந்த அக்கா நிற்கிறாள் என்பது அதில் இருந்ததால் தெரிந்திருந்தது. யாரும் அவர்களுக்கு அதை எளிமைப்படுத்திக் கொடுக்கவில்லை.

1986ஆம் ஆண்டுத் தைப்பொங்கலோடு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அழைத்த பிரார்த்தனைப் போராட்டத்தை நாங்கள் சில வாலிபர்கள் எங்கள் வாசகர் வட்டத்தில் இருந்து ஏளனம் செய்தோம். பக்தியின் பெயரால் வர்க்க உணர்வை மழுங்கடிக்கிறார்கள் என்று பேசினோம். காலையில் வேலைக்குப் போகாமல் கோவில் முன்னால் கைகூப்பி நின்ற தொழிலாளி, தான் வேலை நிறுத்தம் செய்கிறேன் என்பதையும், வணங்குகிறவனை எந்தப் பொலிசும் அடிக்கக் கூசும் என்பதையும் நன்றாகத் தெரிந்தே நின்றார். அதே ஆண்டில் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது. தொண்டமானுடைய அரசியலில் எனக்கு இன்றும் பெரிய மறுப்புகள் உண்டு. அந்தப் போராட்டத்தைப் பற்றி அன்று நான் பேசியது அறியாமை.

எளிமை என்றாலே நல்லது என்று நினைப்பவர்களுக்கு 1937ஐயும் சொல்லவேண்டும். மார்க் அந்தனி பிறேஸ்கேடில் என்ற இளைஞர் மடுல்கெலையில் தோட்டத் துரையாகப் பயில வந்து, தொழிலாளர் பக்கம் சேர்ந்துகொண்டவர். அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமார் சட்டத்தை மீறுகிறார்கள் என்று அவர் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தொழிலாளர் 'சாமி, சாமி' என்று குரல் எழுப்பியதாக அன்றைய அறிக்கை சொல்கிறது. ஆளுநர் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார், உயர்நீதிமன்றம் விடுவித்தது. அவருடைய துணிவை மதிக்கிறேன். ஆனால் சாமி என்று கும்பிட வைப்பது விமரிசனத்தின் வேலை ஆகாது. நான் கோஷம் சொன்னபோது கிடைத்த கைதட்டலும் அந்த வகைதான். எனக்கு அன்று தேவைப்பட்டது அந்த இளம்பெண்ணின் இரண்டாவது கேள்வி. அது வர நான் இடம் கொடுக்கவில்லை.

கோட்பாடு வேண்டாம் என்று இளையவர்களிடம் சொல்லமாட்டேன். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் இன்று படிக்கும் நம் பிள்ளைகள் கடினமான நூல்களைப் படிக்கட்டும், கடினமாக எழுதவும் செய்யட்டும். தேயிலையின் உலக விலை எப்படி இயங்குகிறது, காணி ஏன் இன்னும் நம் கைக்கு வரவில்லை என்பதற்கெல்லாம் ஆழ்ந்த படிப்பு வேண்டும். ஆனால் ஒருவருடைய சம்பளத்தைப் பற்றி, அவர் குடியிருக்கும் காம்பராவைப் பற்றி, அவர் மாதாமாதம் கொடுக்கும் சந்தாவைப் பற்றி எழுதுகிறவர், அதை அவரே எடுத்துப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லும்படி எழுதக் கடமைப்பட்டவர். யார் கையெழுத்திட்டார், எத்தனை ரூபாய், எந்த நிபந்தனைக்கு என்பது முழுமையாக இருக்கவேண்டும். நீளமாக இருந்தால் பரவாயில்லை. அந்தக் கோவில் முற்றத்தில் கூடியவர்கள் மழைத்தூறலில் நின்றுகொண்டே மணிக்கணக்கில் கேட்டார்கள்.

அக்கா ஓய்வுபெற்றுவிட்டார். 2016ஆம் ஆண்டுக் கட்டுரை இப்போதும் ஆய்வுகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. அதைப் படிப்பவர்கள், அதில் ஒப்பந்தத்தின் கணக்கு இல்லை என்பதையும், அதை எழுதியவன் பயத்தால் விட்டான் என்பதையும் அறிந்தே படிக்கவேண்டும்.

இன்று எழுதுகிற தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். 2024 மே தினத்தில் கொட்டகலையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்த நாட்சம்பளம் 1700. கம்பனிகள் உயர்நீதிமன்றம் போயின. செப்டம்பரில் வர்த்தமானியில் நின்றது 1350. 2025 நவம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் அதை 1550 ஆக்கி, அரசு தரும் வருகை ஊக்கத்தொகை 200ஐச் சேர்த்து 1750 என்றது. வருகைக்கென்று முன்பும் ஒரு 60 ரூபாய் இருந்தது, ஒரு பேர் குறைந்ததற்கு ஒரு மாதத்துக்கே நின்றது. இந்த 1750 பற்றி எழுதும்போது, அந்த 200 யாருக்கு, எத்தனை நாள் வந்தால், எந்த நாளில் நின்றுபோகும் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு லயத்தில் உரக்க வாசியுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், பதிலைத் தேடிக்கொண்டு வந்து மறுபடியும் வாசியுங்கள்.